மனிதப் பிறபொருளெதிரித் துண்டுகளை மருந்தாக வடிவமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் மூலக்கூற்று உயிரியல் படிப்பவர்கள், ஆய்வுகூடத்தில் முதன்முதலாகப் பேஜ் நூலகம் (வைரசுகளில் ஏற்றி வைத்த கோடிக்கணக்கான துண்டுகளின் தொகுப்பு) ஒன்றைத் திறக்கப் போகிறவர்கள், வார்ட்டில் இந்த மருந்துகளைக் கையாளும் வைத்தியர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உயர்தரப் பாடநூலில் வரும் சொற்களையே முடிந்தவரை வைத்திருக்கிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இலக்கில் ஒட்டும் துண்டு ஒன்றைப் பிடிப்பது இந்த வேலையின் இலகுவான பகுதி. பிடித்த துண்டு ஒழுங்காக மடிகிறதா, கட்டிபடாமல் கரைசலில் நிற்கிறதா, உடலில் தேவையான நேரம் தங்குகிறதா என்பவற்றில்தான் மாதங்களும் வருடங்களும் போகின்றன. கீழே உள்ள பதில்கள் பலவும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

பிறபொருளெதிரித் துண்டு என்று எதைச் சொல்கிறோம்?

குருதியில் அதிகம் இருக்கும் பிறபொருளெதிரி ஐஜிஜி. கவட்டைக் கம்பு வடிவம், ஏறத்தாழ 150 கிலோடால்டன் எடை, இரண்டு பாரச் சங்கிலிகள், இரண்டு இலேசான சங்கிலிகள். கவட்டையின் இரு நுனிகளும் இலக்கைப் பிடிக்கும். கீழ்த்தண்டு நிர்ப்பீடனக் கலங்களைக் கூப்பிடும். 1959இல் ரொட்னி போர்ட்டர் முயலின் பிறபொருளெதிரியைப் பப்பைன் நொதியத்தால் வெட்டினார். பப்பாளிக்காயைக் கீறினால் வடியும் பாலில் இருக்கும் அதே நொதியந்தான். இரண்டு கைகளும் தலா 50 கிலோடால்டன் அளவிலான ஃபாப் துண்டுகளாகவும், தண்டு எஃப்சி துண்டாகவும் பிரிந்தன. 1972இல் ஜெரல்ட் எடெல்மனுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது வெட்டுவதில்லை, தேவையான பகுதியின் பரம்பரையலகை மட்டும் எழுதி பற்றீரியாவிலோ மதுவத்திலோ செய்விக்கிறோம். அதிகம் பயன்படுவது ஒற்றைச் சங்கிலித் துண்டு: பாரச் சங்கிலியின் மாறும் பகுதியையும் (இலக்கைப் பிடிக்கும் நுனி) இலேசான சங்கிலியின் மாறும் பகுதியையும் ஒரு சிறு இணைப்பியால் தொடுத்தது. எடை 25 முதல் 27 கிலோடால்டன். 1988இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே வெளியிட்டன. அதைவிடச் சிறியது, ஒரே ஒரு மாறும் பகுதி மட்டும் கொண்ட தனிக்களம். ஏறத்தாழ 15 கிலோடால்டன்.

முழுப் பிறபொருளெதிரி இருக்கும்போது துண்டு எதற்கு?

மூன்று காரணங்கள் உண்மையிலேயே கனமானவை. சிறியது என்பதால் இழையங்களுக்குள் வேகமாகப் பரவும். தண்டு இல்லை என்பதால் தேவையில்லாத அழற்சியைக் கிளப்பாது. தண்டில் ஏற வேண்டிய சீனிச் சங்கிலி இல்லை என்பதால் மலிவான பற்றீரியாவிலேயே தயாரிக்கலாம்.

ஆனால் துண்டு என்பதாலேயே அது மேலானது என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணின் விழித்திரைக்குப் போடும் ரானிபிசுமாப் 48 கிலோடால்டன் ஃபாப். அமெரிக்காவில் 2006இல் அனுமதி பெற்றது. அதன் உறவுக்காரரான முழுப் பிறபொருளெதிரி பெவாசிசுமாப் அதைவிடப் பல மடங்கு மலிவு. இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டு 2011இல் வெளியான பெரிய பரிசோதனையில் பார்வை முன்னேற்றம் சமமாகவே இருந்தது.

துண்டின் அருமை தெரியும் இடம் வேறு. குருதி உறைவதைத் தடுக்கும் டாபிகட்ரான் மருந்தை உடனே செயலிழக்கச் செய்ய இடாருசிசுமாப் என்ற ஃபாப் தரப்படுகிறது: 2.5 கிராம் இரண்டு தடவை, மொத்தம் 5 கிராம். வேலையை முடித்துவிட்டு உடலைவிட்டு வேகமாகப் போய்விடுவதே அதன் பலம். இலங்கைக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் அலரி விதை நஞ்சு. செம்மறியாட்டில் உருவாக்கிய டிஜொக்சின் எதிர் ஃபாப், 1200 மில்லிகிராம் அளவில், அந்த நஞ்சு குழப்பிய இதயத்துடிப்பைச் சீராக்கும் என்பதைக் கொழும்பில் நடந்த பரிசோதனை காட்டியது. முடிவுகள் 2000இல் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்தன. விலைதான் அன்றும் இன்றும் தடை. செம்மறியாட்டை விட்டுப் பற்றீரியாவில் மனிதத் துண்டாக அதைச் செய்ய முடிந்தால் எங்கள் வைத்தியசாலைகளுக்கு அதுவே பெரிய காரியம்.

"மனித" என்ற சொல் ஏன் அவ்வளவு முக்கியம்?

1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டறிந்த கலப்புக்கல முறையால் கிடைத்தவை எலியின் பிறபொருளெதிரிகள். நோயாளியின் உடல் அவற்றை அந்நியப் புரதமாக அடையாளம் கண்டு அழித்துவிடும். இரண்டாவது, மூன்றாவது ஊசியில் ஒவ்வாமையும் வரும். ஆகவே எலித்தொடரை மனிதத் தொடராக மாற்றும் வழிகள் வந்தன. பிறகு மனிதத் தொடரிலிருந்தே தொடங்கும் வழி வந்தது. பேஜ் முறையின் உதவியால் உருவாகி முதலில் அனுமதி பெற்ற முழு மனிதப் பிறபொருளெதிரி அடலிமுமாப், ஆண்டு 2002.

மனிதத் தொடர் என்றால் எதிர்ப்பே வராது என்று நம்புவது தவறு. அடலிமுமாப்புக்கு எதிராகவே பல நோயாளிகளில் பிறபொருளெதிரி உண்டாகிறது. துண்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. முழு மூலக்கூறில் மறைந்திருந்த முனை, வெட்டியதும் வெளியே தெரியும். மனிதத் தனிக்களத்தின் அந்த வால்முனையை அடையாளம் காணும் பிறபொருளெதிரிகள் சிலரின் குருதியில் மருந்து போடும் முன்பே இருக்கின்றன. வால்முனையில் ஓர் அலனைன் சேர்ப்பது அந்தப் பிடிப்பைக் குறைக்கும் எளிய திருத்தம். தொடரை வடிவமைக்கும் நாளிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்த்தால் எல்லா அளவீட்டையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

நனோபொடி மனிதத் துண்டா?

இல்லை. அது ஒட்டகம், லாமா ஆகியவற்றின் பாரச் சங்கிலி மட்டுமான பிறபொருளெதிரியிலிருந்து வருவது. நன்றாகக் கரையும், சூட்டைத் தாங்கும். 2018இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற கப்லாசிசுமாப் இந்த வகை. மனிதத் தனிக்களத்தை அதே அளவுக்குக் கரையச் செய்வது கடினம். இலேசான சங்கிலியோடு ஒட்டியிருந்த நீர்வெறுப்பு முகம் திறந்துபோவதே காரணம்.

பேஜ் நூலகம் என்பது எப்படி வேலை செய்கிறது?

பேஜ் என்பது பற்றீரியாவைத் தாக்கும் வைரசு. 1985இல் ஜோர்ஜ் சிமித் இழைப் பேஜின் மேலுறைப் புரதத்தோடு வேறு புரதத் துண்டைத் தொடுத்துக் காட்டினார். 1990இல் மக்காஃபர்ட்டி, கிரெகரி வின்டர் குழுவினர் அதில் பிறபொருளெதிரித் துண்டை ஏற்றினார்கள். சிமித்துக்கும் வின்டருக்கும், நொதியங்களின் வழிநடத்திய கூர்ப்புக்காக பிரான்செஸ் ஆர்னல்டுக்கும் 2018இல் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

ஒவ்வொரு பேஜும் வெளியே ஒரு துண்டை ஏந்தி நிற்கும். அந்தத் துண்டின் பரம்பரையலகு அதே பேஜின் வயிற்றுக்குள் இருக்கும். வெளியே ஒட்டுவதைப் பிடித்தால் உள்ளே எழுத்தும் கையில் கிடைக்கிறது.

நூலகம் கட்ட, கொடையாளர்களின் குருதியில் உள்ள பி கலங்களின் ஆர்என்ஏயை எடுத்து, அதிலிருந்து டிஎன்ஏ படியாக்கி, மாறும் பகுதிகளைப் பிசிஆரால் பெருக்கி, 15 அமினோ அமில இணைப்பியால் (நான்கு கிளைசீன், ஒரு செரீன், இதே மூன்று தடவை) தொடுத்துப் பேஜ்மிட்டில் (பேஜுக்குள் பொதியக்கூடிய சிறு வட்ட டிஎன்ஏ) செருகுவார்கள். நல்ல நூலகத்தில் 100 கோடி முதல் 1000 கோடி வெவ்வேறு துண்டுகள் இருக்கும். அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது மின்னதிர்வால் டிஎன்ஏயைப் பற்றீரியாவுக்குள் புகுத்தும் படி. அங்கே உப்பு மிச்சமிருந்தால் "டப்" என்று பொறி பறக்கும். அந்தக் குழாயில் உயிரோடு எதுவும் மிஞ்சாது. முதன்முதலாகச் செய்பவர்கள் சொந்தமாக நூலகம் கட்ட முயல வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஆய்வு நிறுவனங்கள் பகிரும் நூலகம் ஒன்றில் கை பழகுங்கள்.

பானிங் ஒரு சுற்றை எப்படிச் செய்வது?

பானிங் என்பது நூலகத்திலிருந்து இலக்கில் ஒட்டும் பேஜ்களை மட்டும் பிடித்தெடுக்கும் வேலை. இலக்குப் புரதத்தை 10 முதல் 100 மைக்ரோகிராம்/மில்லிலீற்றர் செறிவில் இம்யூனோ குழாயில் 4 மில்லிலீற்றர் ஊற்றி, 4 பாகையில் ஓரிரவு விடுங்கள். மறுநாள் மூன்று தடவை கழுவி, 2% பால்மாக் கரைசலால் குழாயை விளிம்புவரை நிரப்பி 2 மணித்தியாலம் வையுங்கள். கடையில் வாங்கும் கொழுப்பு நீக்கிய பால்மா போதும். முழு ஆடைப் பால்மா வேண்டாம், கொழுப்பு மிதந்து எல்லாவற்றையும் பிசுபிசுப்பாக்கும். பிறகு ஒரு இலட்சம் கோடி முதல் பத்து இலட்சம் கோடி பேஜ்களை, அதே பால்மாக் கரைசலில் கலந்து ஊற்றுங்கள். ஒரு மணித்தியாலம் சுழற்சி, ஒரு மணித்தியாலம் அசையாமல்.

முதற் சுற்றில் 10 தடவை, அடுத்த சுற்றுகளில் 20 தடவை, 0.1% ட்வீன் சேர்ந்த கரைசலால் கழுவுங்கள். முதற் சுற்றில் ஆவேசமாகக் கழுவாதீர்கள். ஒவ்வொரு துண்டும் அந்தக் கட்டத்தில் மிகச் சில பிரதிகளாகவே இருக்கும். போனால் திரும்பி வராது. ஒட்டிய பேஜைக் கழற்ற 1 மில்லிகிராம்/மில்லிலீற்றர் திரிப்சின், அரை மில்லிலீற்றர், 10 நிமிடம்.

கழற்றியதை டிஜி1 என்ற ஈ. கோலை பற்றீரியா இனத்தில் தொற்றவைக்கும் படியில்தான் புதியவர்கள் அதிகம் தோற்கிறார்கள். பேஜ் ஏறுவது பற்றீரியாவின் எஃப் மயிரில். அந்த மயிர் குளிரில் முளைக்காது. 37 பாகையில் வளர்ந்து, 600 நனோமீற்றரில் ஒளியடர்த்தி 0.4ஐத் தொடும் நேரத்தில் தொற்றவையுங்கள். 30 நிமிடம், குலுக்காமல். ஏசி அறையில் மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீருக்குப் போய் வந்தால் மயிர் உதிர்ந்திருக்கும், தட்டு வெறுமையாக இருக்கும். டிஜி1 இனத்தைப் புரோலின் இல்லாத எளிய ஊடகத் தட்டிலிருந்தே எடுங்கள்; எஃப் மயிருக்கான பரம்பரையலகுகளைச் சுமக்கும் எஃப் பிளாஸ்மிட்டை இழந்த கலங்கள் அங்கே வளராது.

மூன்று சுற்று பொதுவாகப் போதும். நான்காவது சுற்று பெரும்பாலும் நல்லதைவிட வேகமாக வளர்வதையே கூட்டும்.

மூன்று சுற்று முடிந்தும் நல்ல குளோன் இல்லை. என்ன பிழை?

முதலில் 10 குளோன்களை (தட்டில் ஒரே கலத்திலிருந்து வளர்ந்த தனித்தனிக் கூட்டங்கள்) எடுத்துப் பிசிஆரில் துண்டின் நீளத்தைப் பாருங்கள். ஒற்றைச் சங்கிலித் துண்டு செருகிய குளோனில், பேஜ்மிட்டின் இருபுறப் பகுதியோடு சேர்த்து, 900 முதல் 1000 கார இணை அளவில் கோடு வர வேண்டும். குட்டையான கோடு வந்தால் அது வெற்றுப் பேஜ்மிட். சுமை இல்லாத பற்றீரியா வேகமாக வளரும். அதுவே தட்டை நிரப்பியிருக்கும். வளர்ப்பில் 1% குளுக்கோசு சேர்க்க மறந்திருப்பீர்கள். குளுக்கோசு புரத உற்பத்தியை அடக்கி வைக்கும். அது இல்லாவிட்டால் துண்டைச் செய்யும் பற்றீரியா தளர்ந்து பின்தங்கும்.

நீளம் சரி, ஆனால் எலைசாவில் (ஒட்டியதை நிறத்தால் காட்டும் சோதனை) இலக்குக் கிணறும் வெறும் பால்மாக் கிணறும் ஒரே மஞ்சளாக வந்தால், பிடித்தது பிளாஸ்டிக்கை ஒட்டும் துண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் பேஜை வெறும் குழாயில் ஒரு மணித்தியாலம் விட்டு எடுங்கள். பயோட்டின் ஏற்றிய இலக்கை, பயோட்டினை இறுக்கிப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளில் பிடிப்பதானால் பால்மாவில் கவனம் தேவை: பாலில் இயல்பாகவே பயோட்டின் உண்டு, அது மணிகளின் இடத்தை நிரப்பிவிடும். அங்கே மாட்டு அல்புமினைப் பயன்படுத்துங்கள்.

எலைசா அழகாக வந்து, உயிருள்ள கலத்தின் மேலிருக்கும் அதே இலக்கை மட்டும் பிடிக்கவில்லையா? பிளாஸ்டிக்கில் ஒட்டும்போது இலக்குப் புரதம் அவிழ்ந்துபோய், அவிழ்ந்த வடிவத்துக்குத் துண்டு தேடியிருக்கிறீர்கள். அந்தக் குளோன்களைக் காப்பாற்ற முயலாதீர்கள். கரைசலில் பானிங் செய்து புதிதாகத் தொடங்குங்கள்.

எவ்வளவு இறுக்கமாக ஒட்ட வேண்டும்?

இறுக்கத்தைப் பிரிகை மாறிலியால் அளக்கிறோம்; எண் சிறிதானால் பிடிப்பு இறுக்கம். தெரிவிலிருந்து நேராக வருபவை பெரும்பாலும் 10 முதல் சில நூறு நனோமோலர் வரை. மருந்துக்கு 1 நனோமோலரும் அதற்குக் கீழும் கேட்கிறார்கள். ஆனால் அந்த ஒற்றை இலக்கத்தை விட, கழலும் வேகத்தைப் பாருங்கள். ஒட்டும் வேகம் செக்கனுக்கு மோலருக்கு 1,00,000, கழலும் வேகம் செக்கனுக்கு 0.0001 என்றால், பின்னதை முன்னதால் வகுத்தால் வரும் பிரிகை மாறிலி 1 நனோமோலர். ஒட்டிய துண்டுகளில் பாதி கழல எடுக்கும் நேரம் 0.693ஐ 0.0001ஆல் வகுத்தால் 6930 செக்கன், இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. நஞ்சொன்றை அடக்க இது போதலாம். வாரக்கணக்கில் ஏற்பி ஒன்றை மூடி வைக்கப் போதாது.

பைக்கோமோலர் எண் வந்தால் மகிழும் முன் மாதிரியில் இருமம் (இரண்டு துண்டுகள் சேர்ந்த சோடி) இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கையால் பிடிக்கும் இருமம் கழல மறுக்கும். கருவி அதை ஒற்றைத் துண்டின் இறுக்கம் என்று காட்டும்.

புரதத்தை எப்படிச் செய்து எடுப்பது?

பேஜ்மிட்டில் துண்டுக்கும் பேஜ் புரதத்துக்கும் நடுவே ஓர் அம்பர் நிறுத்தக் குறி இருக்கும். டிஜி1 அதைத் தாண்டி வாசிக்கும். எச்பி2151 என்ற இன்னொரு ஈ. கோலை இனம் அங்கேயே நிறுத்தி, தனித் துண்டாக வெளியிடும். ஆகவே குளோனை எச்பி2151க்கு மாற்றுங்கள். துண்டின் உள்ளே இருசல்பைட்டுப் பிணைப்புகள் உருவாக வேண்டும்; கலத்தின் உட்புறச் சூழல் அதற்கு ஏற்றதல்ல, இரு மென்சவ்வுகளுக்கு இடையிலான வெளியே ஏற்றது. துண்டின் தலைமாட்டில் இருக்கும் பெல்பி என்ற சமிக்ஞைத் தொடர் அதை அங்கே அனுப்பும்.

குளுக்கோசு 0.1% ஆகக் குறைந்த ஊடகத்தில் 37 பாகையில் வளர்த்து, ஒளியடர்த்தி 0.9 வந்ததும் புரத உற்பத்தியைத் தொடக்கும் ஐபிடிஜியை 1 மில்லிமோலர் அளவில் சேர்த்து, 30 பாகைக்கோ அதற்குக் கீழோ இறக்கி ஓரிரவு குலுக்குங்கள். 37 பாகையிலேயே விட்டால் மடிய நேரமின்றிப் புரதம் திரண்டு, அடியில் சுண்ணாம்பு போல் வெள்ளைப் படிவாக இறங்கும். கலங்களைத் திரட்டி, சுக்குரோசும் 1 மில்லிமோலர் ஈடிடிஏயும் சேர்ந்த குளிர்ந்த கரைசலில் 30 நிமிடம் பனிக்கட்டியில் வைத்தால் வெளிச்சவ்வு மட்டும் திறக்கும்.

அடுத்த படியில் ஒரு பொறி. அந்தக் கரைசலை அப்படியே நிக்கல் கம்பத்தில் (துண்டின் வாலில் சேர்த்த ஹிஸ்டிடின் கோவையைப் பிடிப்பது) ஊற்றினால் ஈடிடிஏ நிக்கலைக் கழற்றிவிடும். நீல நிறக் கம்பம் கண்முன்னே வெளுக்கும். உங்கள் துண்டு முழுவதும் கழிவுக் குவளைக்குப் போயிருக்கும். ஓரிரவு ஊடுபிரித்து ஈடிடிஏயை நீக்குங்கள், அல்லது 5 மில்லிமோலர் அளவில் மக்னீசியம் சல்பேற்றுச் சேருங்கள். 20 மில்லிமோலர் இமிடசோலால் கழுவி, 250 மில்லிமோலரால் இறக்குங்கள். குலுக்கு போத்தலில் லீற்றருக்கு சில மில்லிகிராம் வந்தால் நல்ல குளோன். 0.1 மில்லிகிராம் வந்தால், எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் அதைக் கைவிடச் சொல்வோம்.

துண்டு கட்டிபடுகிறது. ஏன்?

அளவுப் பிரிப்புக் கம்பத்தில் (பெரிய மூலக்கூறுகள் முதலில் வெளிவரும்) ஓட்டிப் பாருங்கள். 27 கிலோடால்டன் இடத்தில் ஒரே கூர்முனை வந்தால் ஒருமம், அதாவது தனித் துண்டு. அதற்கு முன்னால் 55 அளவில் இரண்டாவது முனை வந்தால் இருமம்: ஒரு மூலக்கூறின் பாரப் பகுதி அடுத்த மூலக்கூறின் இலேசான பகுதியோடு சோடி சேர்ந்திருக்கிறது. இணைப்பியை 5 அமினோ அமிலமாகக் குறைத்தால் வேண்டுமென்றே எல்லாம் இருமமாகும். 20 ஆக நீட்டினால் ஒருமம் கூடும். எல்லாவற்றுக்கும் முன்னால் கம்பத்தின் வெறுமைக் கனவளவிலேயே பெரிய முனை வந்தால் அது கட்டி; இணைப்பியை நீட்டி அதைத் தீர்க்க முடியாது. மாறும் பகுதியின் சட்டகத்தையே (இலக்கைப் பிடிக்கும் வளையங்களைத் தாங்கும் பகுதி) நிலையான மனிதச் சட்டகமாக மாற்ற வேண்டும்.

இங்கே கையாளும் விதமும் கணக்கில் வரும். உறைய வைத்து உருக்குவதை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள். எடுத்த அன்றே 50 மைக்ரோலீற்றராகப் பிரித்து மைனஸ் 80 பாகையில் வையுங்கள். கட்டுநாயக்காவில் தடுத்துவைக்கப்படும் பொதியில் உலர்பனி இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும்; சுங்கப் பத்திரங்களை முன்கூட்டியே முடித்து, வாரத் தொடக்கத்தில் வந்துசேரும்படி அனுப்பச் சொல்லுங்கள். உலர்தூளாக வரும் குப்பியைக் குளிரூட்டியிலிருந்து எடுத்த கையோடு திறக்க வேண்டாம். கொழும்பின் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் நீராகப் படியும்; தூள் பசையாகிவிடும். அறை வெப்பநிலைக்கு வந்தபின் திறவுங்கள்.

உடலில் எவ்வளவு நேரம் நிற்கும்?

ஐஜிஜி ஏறத்தாழ 21 நாள் அரைவாழ்வு கொண்டது. அதன் தண்டைப் பிடித்து மீளக் குருதிக்கு அனுப்பும் ஏற்பி உடலில் உண்டு. தண்டில்லாத துண்டுக்கு அந்தச் சலுகை இல்லை. 60 கிலோடால்டனுக்குக் கீழே என்பதால் சிறுநீரகம் மணித்தியாலங்களில் வடித்துவிடும். இரு ஒற்றைச் சங்கிலித் துண்டுகளைத் தொடுத்த பிளினட்டுமோமாப் 55 கிலோடால்டன். இரண்டு மணித்தியால அளவு அரைவாழ்வு. அதனால்தான் அதை வாரக்கணக்கில் தொடர் செலுத்துகையாகக் கொடுக்கிறார்கள்.

நீட்ட வழிகள் உண்டு. செர்டோலிசுமாப் என்ற ஃபாப் துண்டில் பெக் என்ற செயற்கைப் பல்பகுதியத்தின் 40 கிலோடால்டன் சங்கிலி தொடுத்து அரைவாழ்வை ஏறத்தாழ 14 நாளாக்கினார்கள். குருதி அல்புமினைப் பிடிக்கும் இன்னொரு தனிக்களத்தைத் தொடுப்பது எங்களுக்குப் பிடித்த வழி. முழுவதையும் பற்றீரியாவிலேயே ஒரே சங்கிலியாகச் செய்யலாம், இரசாயனத் தொடுப்பு தேவையில்லை.

பாம்புக்கடிக்கு மனிதத் துண்டு மருந்து வருமா?

இப்போது எங்கள் வைத்தியசாலைகளில் போடுவது இந்தியாவிலிருந்து வரும் குதிரைப் பிறபொருளெதிரித் துண்டு. பெப்சினால் வெட்டிய, இரு கைகளும் சேர்ந்த வடிவம். இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் குதிரைக்கு ஏற்றிச் செய்தது. ஒரு நோயாளிக்குப் பத்து, இருபது குப்பிகள் போகும். குதிரைப் புரதம் என்பதால் கடும் ஒவ்வாமை அடிக்கடி வரும். முன்கூட்டியே தோலின் கீழ் 0.25 மில்லிகிராம் அட்ரினலின் போட்டால் அது குறையும் என்று இலங்கையில் நடந்த பரிசோதனை 2011இல் காட்டியது. மூக்கு நிமிர்ந்த விரியனுக்கு, சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா என்பதற்கு, அந்த மருந்தில் எதுவும் இல்லை.

மனிதத் துண்டுகள் ஒவ்வாமையைக் குறைக்கும். ஆனால் இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். கண்ணாடிப் புடையனின் நஞ்சில் பொஸ்போலிப்பேசு, உலோகப் புரதச்சிதைப்பான், குருதி உறைதலைக் கிளப்பும் நொதியங்கள் எனப் பல இருக்கின்றன. ஒரு துண்டு ஒன்றைத்தான் பிடிக்கும். ஆகவே கலவை வேண்டும். இரண்டாவது, நேரம். இலங்கைக் கண்ணாடிப் புடையனுக்கெனச் செம்மறியாட்டு ஃபாப் ஒன்று இங்குள்ள நோயாளிகளில் சோதிக்கப்பட்டு 1999இல் முடிவுகள் வெளியாகின. ஃபாப் வேகமாக வெளியேறிவிட, கடிவாயில் தேங்கியிருந்த நஞ்சு சிலரில் மறுபடி குருதிக்கு வந்தது. அமெரிக்க விரியன்களுக்கான செம்மறியாட்டு ஃபாப் மருந்தை 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மேலதிகமாகப் போடுவதும் இதனால்தான். ஆக, நாகத்தின் சிறிய நரம்பு நஞ்சைத் துரத்திப் பிடிக்கச் சிறிய துண்டும், புடையனுக்கு நீண்டநேரம் நிற்கும் வடிவமும் என்று பிரித்து யோசிப்பதே சரி.

கொழும்பில் இதை எதுவரை செய்யலாம்?

பானிங், எலைசா, தொடர் வாசிப்பு, போத்தல் அளவு உற்பத்தி ஆகியவை பேஜ் வேலை பழகிய எந்தப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலும் முடியும். மைனஸ் எண்பது உறைவிப்பானுக்கு மின்பிறப்பாக்கி இணைப்பு இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மனிதருக்குப் போடும் தரம் வேறு உலகம். பற்றீரியாவின் வெளிச்சவ்வு அகநச்சு பெரிய தடை: நரம்பு வழி மருந்துக்கு எல்லை, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு 5 அலகு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 100 மில்லிகிராம் துண்டு ஒரு மணித்தியாலத்தில் போடுவதானால், மொத்தம் 300 அலகு. அதாவது மில்லிகிராமுக்கு 3 அலகுக்கு மேல் போகக்கூடாது. நிக்கல் கம்பத்திலிருந்து நேராக வரும் புரதத்தில் இதைவிடப் பன்மடங்கு இருக்கும். டிரைட்டன் எக்ஸ்-114ஆல் கழுவி, எதிரயன் மாற்றுக் கம்பத்தில் ஓட்டினால் பெரும்பகுதி போகும். எலிச் சோதனைக்கும், கலங்களின் மேல் செய்யும் சோதனைக்கும்கூட இதைச் செய்துவிட்டே போங்கள். இல்லாவிட்டால் துண்டின் விளைவு என்று நீங்கள் எழுதுவது அகநச்சின் விளைவாக இருக்கும். இலங்கையில் மருந்துப் பதிவும் மருத்துவப் பரிசோதனை அனுமதியும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பொறுப்பு. அந்தக் கட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், முதற் குளோனிலிருந்தே கலவங்கியின் பெயர், ஊடகத்தின் தொகுதி எண், உறைய வைத்த திகதி எல்லாவற்றையும் கட்டிய குறிப்பேட்டில் பேனாவால் எழுதுங்கள்.